பென்சனா, வீடா? விவாகரத்தில் எதைக் கேட்பது

திருகோணமலை உவர்மலையில் என் வீட்டு விறாந்தைக்கு ஒரு பிற்பகல் வந்த பெண், அப்பியாசக் கொப்பியில் கிழித்த ஒரு தாளை நீட்டினாள். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 'வீடு – 60 இலட்சம்'. வலப்பக்கம் 'அவர்ட பென்சன் – 1 கோடி 44 இலட்சம்'.

"பென்சன்தானே அண்ணா பெரிசு? வீட்டை அவருக்கே விட்டிட்டு பென்சனில பாதி கேட்டா என்ன?"

நான் சட்டத்தரணி இல்லை. பிரதேச செயலகம் ஒன்றில் பல வருடம் ஓய்வூதியக் கோவை பார்த்து, இப்போது அதே ஓய்வூதியத்தில் சீவிக்கிறவன். அதனால் இப்படியான தாள்களோடு ஆட்கள் வருவது வழக்கம். அவள் போட்ட கணக்கு 60,000 x 12 x 20. கணவருக்கு 60 வயதில் மாதம் 60,000 வரும், 80 வரை இருப்பார். பெருக்கல் சரி, விலைதான் பிழை. அதே பென்சனை முறையாகக் கணக்குப் போட்டால், அவள் கேட்கக்கூடிய பங்கு 16 இலட்சத்தில் வந்து நின்றது. எப்படி என்று கீழே சொல்கிறேன்.

## முதலில், நாங்கள் நிற்கும் இடம்

கனடாவில் இருக்கும் அக்காவும் லண்டனில் இருக்கும் மச்சானும் "பென்சனில பாதி உனக்குத்தான்" என்று தொலைபேசியில் சொல்லியிருப்பார்கள். அவர்கள் நாட்டில் அது சரி. இங்கிலாந்தில் 2000 டிசம்பரிலிருந்து நீதிமன்றமே பென்சனை இரண்டாகப் பிரித்துக் கட்டளையிடலாம். நம் இலங்கைச் சட்டத்தில் அப்படியொரு கட்டளை கிடையாது. பொதுச் சட்டத்தில் கணவன் சொத்து கணவனுக்கு, மனைவி சொத்து மனைவிக்கு. மாவட்ட நீதிமன்றம் விவாகரத்துக் கொடுக்கும்போது, குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 615ஆம் பிரிவின் கீழ் ஒரு சொத்தை மற்றவருக்கு எழுதிக்கொடுக்கவோ, ஒரு தொகையை மொத்தமாகக் கட்டவோ, மாதாமாதம் பணம் கொடுக்கவோ சொல்லலாம். பென்சன் பேச்சுக்குள் வருவது இந்த மூன்று வாசல்களால்தான்.

யாழ்ப்பாணப் பக்கத்துக் குடும்பம் என்றால் தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) உங்களைத் தொடர்ந்து திருகோணமலைக்கும் வந்திருக்கலாம். அப்போது தேடியதேட்டத்தில், அதாவது கலியாணத்துக்குப் பின் சேர்த்த சொத்தில், பாதி என்ற பேச்சு எழும். வீடு சீதனமா, முதுசமா (பரம்பரைச் சொத்தா), தேடியதேட்டமா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். கிண்ணியா, மூதூர் முஸ்லிம் குடும்பங்களுக்கு 1951ஆம் ஆண்டுச் சட்டமும் காதி நீதிமன்றமும். அங்கே மகர் (மணமகன் மனைவிக்குத் தருவது), கைக்கூலி (பெண்வீட்டார் மணமகனுக்குக் கொடுத்தது), இத்தாக்காலச் (விவாகரத்துக்குப் பின் பெண் காத்திருக்கும் காலத்துச்) செலவு என்று கணக்கே வேறு. இந்தக் கட்டுரையை அதற்கு அப்படியே பொருத்தாதீர்கள்.

## எதை வைத்து அளப்பது

தொகையைப் பார்க்கும் முன் ஒவ்வொரு சொத்திடமும் நான்கு கேள்வி கேட்கச் சொல்வேன்.

அது யாருடைய மூச்சில் தொங்குகிறது? அவர் போனால் இதுவும் போகுமா?

தர மறுத்தால் பறித்தெடுக்க வழி உண்டா?

சாமான் விலை ஏறும்போது இதுவும் ஏறுமா?

கைக்கு வருவதற்கு முன்னும் பின்னும் எவ்வளவு தின்னும்?

| தெரிவு | எப்போது கைக்கு வரும் | அவர் இறந்தால் | மறுத்தால் | விலைவாசி | தின்னும் செலவு |
|---|---|---|---|---|---|
| வீடு, காணி | உறுதி (காணிப் பத்திரம்) எழுதிய அன்று | உங்களுடையதே | உறுதி பேசும் | பெரும்பாலும் ஏறும் | முத்திரை வரி, கடன், திருத்தம் |
| ஓய்வுபெறும்போது வரும் மொத்தப் பணம் | அவர் ஓய்வு பெறும்போது | சிக்கல் | துரத்த வேண்டும் | காத்திருக்கும்போது கரையும் | காத்திருப்பு |
| பென்சனிலிருந்து மாதப் பணம் | மாதாமாதம் | நின்றுவிடும் | மீண்டும் நீதிமன்றம் | தானாக ஏறாது | அலைச்சல் |
| ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) | ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 | நியமனதாரருக்கு | துரத்த வேண்டும் | வருட வட்டி | குறைவு |
| நகை, வைப்பு | உடனே | உங்களுடையதே | கையில் இருந்தால் பேச்சில்லை | நகை ஏறியது, வைப்பு ஆடும் | குறைவு |

## பென்சனுக்கு விலை போடுவது

மெதுவாக வாசிக்க வேண்டிய பகுதி இது. அவளின் கணவருக்கு 55 வயது. அரச அலுவலகத்தில் 30 வயதில் சேர்ந்தவர், 60இல் ஓய்வு. கலியாணம் நடந்து 20 வருடம்.

1 கோடி 44 இலட்சம் என்பது 20 வருடத்துக் காசை ஒரே மேசையில் அடுக்கிப் பார்ப்பது. இன்று கையில் இருக்கும் ஒரு இலட்சமும் 2045இல் வரும் ஒரு இலட்சமும் ஒன்றல்ல என்பது 2022இன் விலையேற்றத்தைக் கடந்த நமக்குத் தெரியாததா? வருடம் 8 சதவீத வட்டியை அளவுகோலாக வைப்போம். பென்சன் ஒரு சதமும் ஏறாமல் அப்படியே இருந்தால், அந்த 20 வருடத்துக் காசும் அவர் ஓய்வுபெறும் அன்று ஏறக்குறைய 71 இலட்சம் பெறும். வருடம் 4 சதவீதம் ஏறும் என்று நம்பினால் 95 இலட்சம். நான் 71ஐத்தான் எடுப்பேன். பென்சன் தானாக ஏறும் பொருள் அல்ல. வரவு செலவுத் திட்டத்தில் யாராவது அறிவித்தால்தான் ஏறும், அதையும் கட்டம் கட்டமாகத் தருவார்கள்.

அந்த 71 இலட்சமும் ஐந்து வருடம் கழித்துத்தான். இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 48 இலட்சம். அப்புறம், 30 வருடச் சேவையில் கலியாணத்துக்குள் வந்தது 20 வருடம்தான். மூன்றில் இரண்டு பங்கு. அதாவது 32 இலட்சம். அதில் பாதி 16.

இதுகூட அவர் 80 வரை இருப்பார் என்று வைத்துப் போட்டது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர் என்றால் குறையும். பிரதேச செயலகத்துக்கு வருடாவருடம் உயிர்வாழ் சான்றிதழ் கொடுத்தால்தான் பென்சன் தொடரும் என்பதை ஓய்வூதியர் வீடுகளில் எல்லோரும் அறிவார்கள். அந்தப் படிவத்தில் கையெழுத்து வைக்கப்போவது அவர், நீங்கள் அல்ல.

இன்னொரு இழப்பும் உண்டு. அது அவள் தாளில் எழுதப்படவே இல்லை. விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்கு அவர் சம்பளத்தில் மாதாமாதம் வெட்டியிருப்பார்கள். அவர் இறந்தால் அது சட்டப்படி மனைவியாக இருப்பவருக்கு. விவாகரத்து முற்றான பிறகு அந்தக் கதவு மூடும். பிள்ளைகளின் பங்கு பிள்ளைகளுக்கு இருக்கும். பேரம் பேசும்போது, "விதவை ஓய்வூதியத்தையும் நான் இழக்கிறேன்" என்று சொல்ல மறக்காதீர்கள். பல ஆண்களுக்கு இது உறைப்பதே இல்லை.

## தெரிவு 1: வீட்டை எடுத்து பென்சனை விடுவது

வீட்டுக்கு 60 இலட்சம் என்பது பக்கத்து வீட்டார் சொன்ன விலை. விலைமதிப்பாளரைக் கூட்டிவந்து பேர்ச் (காணி அளவு) கணக்கில் எழுதி வாங்குங்கள். நிலாவெளி வீதியில் கடல் பக்கக் காணிக்கும் உள்ளொழுங்கைக் காணிக்கும் விலை ஒன்றல்ல. இவளின் வீட்டில் வங்கிக் கடன் 18 இலட்சம் மிச்சம். விலை உறுதி எழுதினால் முத்திரை வரி முதல் இலட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4. 60 இலட்சத்துக்கு 2 இலட்சத்து 39 ஆயிரம். உறுதி எழுதும் நொத்தாரிசின் கட்டணம் வேறு. கூரைக்கு 4 இலட்சம் வேண்டும். கோடை முடிந்து மழை தொடங்கினால் குசினிக்குள் இரண்டு வாளி வைக்கிறாள். எல்லாம் கழித்தால் 35 இலட்சத்துச் சொச்சம்.

அதில் பாதி 18க்குச் சற்றுக் குறைவு. பென்சனில் அவள் பங்கு 16. தாளில் ஒன்று மற்றதைவிட இரண்டரை மடங்கு பெரிதாகத் தெரிந்த இரண்டும் இப்போது கிட்டத்தட்டச் சமம். பென்சனை விட்டு அவரின் பாதி வீட்டையும் வாங்குவது நியாயமான மாற்று. தொகை சமம் என்றால் நான் வீட்டுப் பக்கம்தான். உறுதி உங்கள் பெயரில் இருந்தால் யாருடைய மூச்சையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆனால் மூன்று இடத்தில் வழுக்கும்.

ஒன்று, கடன். வீடு வங்கிக்கு ஈடாக இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதம் இல்லாமல் உறுதி எழுதினாலும் வேலை முடியாது. கடனை யார் கட்டுவது என்று தீர்ப்பிலேயே எழுத வேண்டும்.

இரண்டு, 'நன்கொடை உறுதி எழுதினால் வரி குறைவு' என்று ஒருவர் சொல்வார். உண்மைதான், ஏறக்குறைய பாதி. ஆனால் நன்கொடையை நன்றிகெட்டதனம் என்று காட்டி மீளப்பெற வழக்குப் போட இடமுண்டு. பிரிந்த புருசன் பெண்சாதிக்கிடையில் அந்த வாசலைத் திறந்து வைப்பானேன்? வரியைக் கட்டி விலை உறுதியே எழுதுங்கள்.

மூன்று, பெர்மிட் காணி. கந்தளாய், மூதூர் பக்கம் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர்கள் ஏராளம். 'ரெண்டேக்கர் வயல் உனக்கு' என்று மனமுவந்து சொன்னாலும் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அது கைமாறாது, விரும்பியபடி துண்டாடவும் முடியாது. அப்படியான காணியை உறுதிக்காணியின் விலைக்குக் கணக்கில் போட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

வீடு யாருக்குப் பொருந்தாது? மாதச் செலவுக்கே வழி இல்லாதவருக்கு. சுவரைச் சமைக்க முடியாது. ஒரு அறையை வாடகைக்கு விட முடியுமா, முன்பக்கத்தில் ஒரு கடை போட முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் தலையாட்ட வேண்டும்.

## தெரிவு 2: ஓய்வுபெறும் அன்று வரும் மொத்தப் பணம்

அரச ஓய்வூதியர் விரும்பினால் குறைத்த பென்சனின் 24 மாதத் தொகையை ஒரேயடியாக எடுக்கலாம். 10 வருடம் கழித்துப் பென்சன் பழைய முழு அளவுக்குத் திரும்பும். குறைத்த பென்சன் 55,000 என்றால் 13 இலட்சத்து 20 ஆயிரம். தெளிவான தொகை, தெளிவான நாள்; பேரத்துக்கு நல்ல பொருள்.

சிக்கல் என்னவென்றால் அது அவரின் வங்கிக் கணக்கில் விழும். உங்களுக்கு ஒரு குறுஞ்செய்திகூட வராது. அந்த நாளுக்கு மகளின் கலியாணம், தங்கைக்கு வாக்குக் கொடுத்தது, பழைய கடன் எல்லாம் வரிசையில் நிற்கும். என் குடும்பத்திலேயே ஒரு பெரியம்மாவுக்கு 'ஓய்வு வந்ததும் தருகிறேன்' என்று வாயால் சொன்னது, ஓய்வு வந்து இரண்டு வருடம் கழித்தும் வாயாலேயே இருந்தது. கேட்பதென்றால் தொகை, நாள், தாமதித்தால் வட்டி மூன்றையும் இணக்கத் தீர்ப்பில் எழுதிக் கேளுங்கள். 59 வயதுக்காரரிடம் கேட்கலாம். 45 வயதுக்காரரிடம் கேட்பது காற்றில் எழுதுவது.

## தெரிவு 3: பென்சனிலிருந்து மாதாமாதம்

பார்வைக்கு இதுதான் இயல்பானது. அவருக்கு மாதாமாதம் வருகிறது, எனக்கும் மாதாமாதம் வரட்டும். ஆனால் அரச பென்சனைக் கைப்பற்ற விடாமல் சட்டமே பாதுகாப்புக் கொடுக்கிறது. திணைக்களம் உங்கள் பங்கை வெட்டி உங்களுக்கு அனுப்பாது. அவர் எடுத்துத் தர வேண்டும். தராவிட்டால் நீங்கள் நீதிமன்றப் படி ஏறி இறங்க வேண்டும், வழக்குக்கு வழக்கு சட்டத்தரணிக்குக் கொடுக்க வேண்டும். அவரின் நிலைமை மாறினால் தொகையைக் குறைக்கச் சொல்லி அவர் நீதிமன்றம் போகவும் முடியும். அவர் கண்ணை மூடினால் எல்லாம் முடிந்தது.

அப்படியிருந்தும் இது சிறந்ததாக இருக்கும் இடம் ஒன்று உண்டு: எழுதிக் கொடுக்க வீடும் இல்லை, காணியும் இல்லை, உங்களுக்கு வருமானமும் இல்லை. அப்போது இதைத்தான் கேட்க வேண்டும், வேறு பேச்சில்லை. முடிந்தால், அவர் இன்னும் வேலையில் இருக்கும்போது ஒரு மொத்தத் தொகையும் அதன் பிறகு சிறிய மாதப் பணமும் என்று கலந்து கேளுங்கள்.

பிள்ளைகளின் தாபரிப்பை (பராமரிப்புப் பணத்தை) இதோடு குழப்பாதீர்கள். அது 1999ஆம் ஆண்டு தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் தனியாகக் கேட்கக்கூடியது. 18க்கு மேல் 25 வரையுள்ள பிள்ளைக்கும் கேட்கலாம். வேலையில் இருப்பவரின் சம்பளத்திலேயே பிடிக்கச் சொல்ல வழி உண்டு. 'வீட்டைத் தந்துவிட்டேன், பிள்ளைக்கு ஒன்றும் கேட்காதே' என்பது இரண்டு வேறு கணக்கை ஒரே கொப்பியில் எழுதுவது.

## தெரிவு 4: ஈ.பி.எஃப்., ஈ.ரி.எஃப்.

சீனக்குடாப் பக்கத் தொழிற்சாலையிலோ உப்புவெளி ஹோட்டலிலோ வேலை செய்பவருக்குப் பென்சன் இல்லை. சேமலாப நிதி இருக்கும். தொழிலாளி 8 சதவீதம், முதலாளி 12, ஈ.ரி.எஃப்.க்கு (ஊழியர் நம்பிக்கை நிதிக்கு) முதலாளி இன்னும் 3. இதற்கு விலை போட ஆயுளும் வட்டியும் எண்ண வேண்டாம். மீதிக் கூற்றை எடுத்தால் தொகை அச்சில் இருக்கும். முதலாளி ஒழுங்காகக் கட்டினாரா என்பதை மட்டும் வருடம் வருடமாகச் சரிபாருங்கள்.

வட்டி வருடத்துக்கு வருடம் மாறும். 2022க்கு 9 சதவீதமும் 2023க்கு 13 சதவீதமும் கொடுத்தார்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அந்த ஒரு வருடத்தில் பலரின் பல வருட உழைப்பு சுருங்கியது. ஆகவே எட்டு வருடம் கழித்து வரப்போகும் ஈ.பி.எஃப். தொகையை இன்றைய காசுபோல எண்ணி வீட்டுக்கு எதிரே நிறுத்தக்கூடாது.

இதையும் கைமாற்றவோ கைப்பற்றவோ முடியாது. ஆனால் வீட்டுத் தேவைக்கும் மருத்துவத்துக்கும் 30 சதவீதம் வரை முன்கூட்டியே எடுக்கும் வசதி இருக்கிறது. விவாகரத்துப் பேச்சு தொடங்கியதும் அதை எடுத்து முடித்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்பவர்கள் உண்டு. மீதிக் கூற்றின் திகதியைப் பாருங்கள். ஈ.பி.எஃப். வைத்திருப்பவர் நீங்கள் என்றால், நியமனப் படிவத்தில் பழைய துணையின் பெயர் இன்னும் இருக்கிறதா என்று இந்தக் கிழமையே பாருங்கள்.

## நகையும் வைப்பும்

இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. 2021இல் ஒரு இலட்சத்துக்கு அண்மையில் நின்ற பவுண் 2025 முடிவில் மூன்று இலட்சத்தைத் தாண்டியது. கலியாணத்துக்குப் போட்ட நகையை அன்றைய விலையில் எழுதும் தரப்பை நம்பாதீர்கள். அடகில் இருந்தால் அடகுத் துண்டையும் வட்டியையும் சேர்த்து எண்ணுங்கள். நிலையான வைப்பு கூட்டுக் கணக்கில் இருந்தால், பேச்சு முற்றும் முன் வங்கிக்குப் போய் நிலவரத்தை எழுத்தில் வாங்குங்கள்.

## இன்னொரு வழி: பிரிந்திருப்பது

கணவர் நோயாளி, பென்சன் பெரியது, சொத்து எதுவும் இல்லை, மறுமணம் என்ற எண்ணம் இரண்டு பேருக்கும் இல்லை. இப்படியானவர்கள் ஏன் விவாகரத்தை அவசரமாக முடிக்கிறார்கள் என்பது எனக்கு விளங்குவதில்லை. அதே சட்டக்கோவையின் 608ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்தில் சட்டப்படி பிரிந்திருக்கும் கட்டளை பெறலாம். கலியாணம் சட்டத்தில் நிற்கும். விதவை ஓய்வூதியம் உங்கள் விடயத்தில் எப்படி என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு முடிவெடுங்கள். இது நிரந்தரப் பூட்டும் அல்ல. அந்தக் கட்டளைக்குப் பின் இரண்டு வருடம் கழிந்தால் யாராவது ஒருவர் விவாகரத்துக்குப் போகலாம்.

## பென்சன் உங்களுடையது என்றால்

நம் ஊரில் ஆசிரியைக்குப் பென்சன், கணவருக்கு வியாபாரம் என்ற வீடுகளும் நிறைய. அந்த ஆசிரியைகள் தாங்களே தங்கள் பென்சனுக்கு அதிக விலை போட்டு, பயத்தில் வீட்டை விட்டுக்கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். மேலே போட்ட கணக்கு உங்களுக்கும் உண்டு. கலியாணத்துக்கு முன் செய்த சேவையைக் கழியுங்கள், ஓய்வுக்கு இன்னும் இருக்கும் வருடங்களுக்குத் தள்ளுபடி போடுங்கள். அதோடு, கிழக்கில் பெண்ணுக்குத் தாய்வீட்டார் எழுதிய சீதன வீடு அவளுடையதுதான். அதைப் பேரத்தின் மேசைக்கே கொண்டுவர வேண்டியதில்லை. மறுபக்கம், அவரின் வியாபாரத்தில் கணக்குப் புத்தகத்துக்கு வெளியே ஓடும் காசு உங்கள் சம்பளச் சீட்டுப்போல வெளிச்சத்தில் இருக்காது. அதற்கும் ஒரு விலை கேளுங்கள்.

தாளோடு வந்தவள் கடைசியில் வீட்டையே எடுத்தாள். தனக்கென்று மாதப் பணம் கேட்கவில்லை. அதற்கு ஈடாக, 60 வரை கடன் தவணையை அவர் கட்டி, மிச்சத்தை அந்த 24 மாதப் பணத்தில் ஒரேயடியாக முடிப்பதென்று இணக்கத்தில் எழுதினார்கள். மகளின் தாபரிப்புத் தனி. முதல் தீர்ப்புக்கும் அது முற்றாவதற்கும் இடையில் மூன்று மாதம் இருக்கிறதல்லவா, அதற்குள் வங்கிக் கடிதமும் வாங்கி உறுதியும் எழுதி முடித்தார்கள்.

போன கிழமை அந்தத் தாளை மறுபடி பார்த்தேன். சாமிப்படத்துக்குக் கீழே மடித்து வைத்திருக்கிறாள். 1 கோடி 44 இலட்சம் வெட்டியிருந்தது. அந்த இடத்தில் அவர் 60 ஆகும் திகதி, அதற்குக் கீழே வங்கிக் கிளையின் தொலைபேசி இலக்கம். கூரை வேலைக்கு ஆள் வந்து அளந்துகொண்டு நின்றான்.